கை தட்டினா போதுமா?

2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாடே கை தட்டிச்சு. டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் நன்றியாம். சரி, அப்புறம்?

கொரோனா காலத்தில் 14,000 ரூபாய் ஒப்பந்தச் சம்பளத்தில் தமிழக அரசு எடுத்த நர்சுகளில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ஓடு வேலை போச்சு. மாற்று வேலை தருவதாகச் சொன்னார்கள். அதுவும் ஒப்பந்தம்தான்!

2021 மே மாதம் நம்ம சிப்காட்டில் ஆலை விபத்து நடந்து 4 பேர் இறந்தார்களே, அதுவும் கொரோனா இரண்டாம் அலை நேரம். காயம்பட்டவங்களுக்குக் கட்டுப் போட்டதும் நர்சுகள்தானே? இப்படி ஆலைகளுக்கு நடுவில் வாழும் நாம், அவங்களை நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்கணும்.

எனக்கும் நர்சிங் படிக்க ஆசை. நைட் டியூட்டி முடிஞ்சு கால் வீங்கி வந்த சித்தியிடம் கேட்டேன். "வேற எதாவது படி கண்ணு" என்றார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி