காப்பிரி முத்தப்பனுக்கு என்ன குறி இடுவது?

மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பனுக்குச் சிலை கிடையாது. சுவரோரம் சின்ன மேடை, விளக்கு, மெழுகுத்திரி. சுருட்டும் கள்ளும் இறைச்சியும் படைக்கிறார்கள். 1663இல் கொச்சியை டச்சுக்காரர்களிடம் இழந்த போர்த்துகீசியர், செல்வத்தைப் புதைத்த இடங்களில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று காவல் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது ஐதிகம். அப்படிச் செத்தவரிடம்தான் இன்று பல மதத்தாரும் வேண்டிக்கொள்கிறார்கள்.

ஏலூரில் பாத்ஃபைண்டர் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ஆட்டத்தை ஆடும் எங்கள் இளம் நண்பர்கள் இவரைத் தங்கள் கதைக்குள் கொண்டுவர நினைத்தார்கள். உடனே வழக்கு. செத்தும் உலவுகிறவர் அன்டெட். அன்டெட் என்றால் அன்ஹோலி, அதாவது புனிதத்துக்கு எதிர்ப்பக்கம். ஆகவே ஹோலி, அதாவது புனித வாள் அவரைக் கூடுதலாகக் காயப்படுத்தும் என்றது ஒரு தரப்பு. இந்த வாசிப்பு தவறு.

செத்தவர்களுக்கு மருந்தே நஞ்சு என்ற எண்ணம் இவ்வகை ஆட்டங்களில் பழையது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில், காயம் ஆற்றும் மந்திரமே அன்டெட்டைச் சுட்டது. அந்த மரபில் வந்த பாத்ஃபைண்டர், 2023 நவம்பரில் வெளியான திருத்திய நூல்களில் நல்லவர், கெட்டவர் என்ற பழைய வகுப்பையே எடுத்துவிட்டது. இப்போது ‘ஹீல்’ மந்திரம் வைட்டாலிட்டி ஆற்றலால் உயிருள்ளவரைத் தேற்றி, அன்டெட்டைக் காயப்படுத்துகிறது. ‘ஹார்ம்’ வாய்ட் ஆற்றலால் இதையே தலைகீழாகச் செய்கிறது. இந்த இரண்டும் பார்ப்பது உடம்பின் இயல்பை மட்டும். அன்ஹோலி என்பது வேறு கணக்கு. எந்தச் சக்திக்கு ஒருவர் தன்னை ஒப்புக்கொடுத்தார் என்பதைக் காட்ட விதிநூல் இடும் குறி அது. அன்ஹோலிக்குப் பலவீனம் உள்ள ஹோலி வீரர்மீது ஹார்ம் விழுந்தால் அந்தப் பலவீனம் தானாக வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மந்திரத்தில் அன்ஹோலிக் குறி இல்லை. குருமார் அதற்கென்று தனித் திறமை கற்றிருந்தால்தான் குறியைச் சேர்க்க முடியும். ரத்தக்காட்டேரி வம்சத்தில் வந்த தாம்பிர் உயிருள்ளவர். ஆனாலும் அவரைத் தேற்றுவது ஹார்ம்தான். அவர் ஹோலி குருவாக இருக்கவும் விதியில் தடையில்லை.

ஆன்மாவைக் கெடுக்கும் அன்ஹோலி மந்திரத்தால் ஆனவர்கள் என்றுதானே அன்டெட்டை நூல் விளக்குகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது பிறப்புக் கதை. கணக்கில் வருவது அந்தந்தப் பாத்திரத்தின் குறிப்பில் எழுதியிருக்கும் குறி; எழுதாத குறிக்கு யாரும் தண்டனை தரக்கூடாது. ஆட்டம் நடத்துபவருக்கு மனம் ஒப்பவில்லையா, முத்தப்பனை அன்டெட் என்றே எழுத வேண்டாம், வெறும் ஆவியாக எழுதட்டும்.

இதில் நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காத்தவராயனும் மதுரைவீரனும் கொலையுண்டு தெய்வமானவர்கள். அதிகாரம் யாரைக் கொன்றதோ அவர்களையே ஊர் காவலுக்கு நிறுத்திக் கும்பிட்டது. முத்தப்பன் கதையில் அன்ஹோலிக் குறி போட வேண்டுமென்றால் அடிமையைச் சங்கிலியோடு புதைத்த எசமானுக்குப் போடுங்கள். செத்தவர் தலையில் அதை ஒட்டுவது அந்தக் கொலைக்கு இரண்டாம் முறை கையெழுத்திடுவது.

ஆட்டம் நடத்தும் நண்பர்களே, உங்கள் ஊர்க் காவல் தெய்வங்களையும் மேசைக்குக் கொண்டு வாருங்கள். அவர்களுக்கு என்ன குறி இட்டீர்கள், ஏன் இட்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.