20 கொண்டை ஊசி வளைவு... ஒரு ஜிம்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு மலைப்பாதையில் ஓட வருபவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், சேலத்தில் சமதரையில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவர்கள். மூச்சு நன்றாகத் தாங்கும். ஆனால், ஏழெட்டு வளைவு தாண்டுவதற்குள் தொடை பிடித்துக்கொள்ளும். இன்னொரு ரகம், ஜிம்மே கதி என்று இருப்பவர்கள். தொடை தூண் மாதிரி இருக்கும். இரண்டாவது வளைவிலேயே மேல்மூச்சு, கீழ்மூச்சு வாங்கும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,300 மீட்டருக்கும் மேலே. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏற்றத்துக்கு நுரையீரலும் வேண்டும், தசையும் வேண்டும். அப்படியானால், எடைப் பயிற்சி, அதிவேகப் பயிற்சி, நீண்ட தூர ஓட்டம் மூன்றையும் ஒரே வாரத்தில் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கால் கனத்துடுமா?

‘வெயிட் தூக்கினா கால் கனத்துடும், ஓட்டம் போயிடும்’ என்பது ஓடுகிறவர்களின் நெடுநாள் பயம். இதன் மறுபக்கத்தை நேரிலேயே அனுபவித்தவர், அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன். எடை தூக்கும் பழக்கமுள்ள அவர், தன் பேராசிரியரோடு தினமும் ஓட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் தன் பலம் குறைவதைக் கவனித்தார். அதையே ஆய்வாக்கி 1980-ல் வெளியிட்டார்.

மொத்தம் 10 வாரம், மூன்று குழுக்கள். எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் பலம் ஏறிக்கொண்டே போனது. வாரத்தில் 5 நாள் கடுமையான எடைப் பயிற்சி, கூடவே 6 நாள் ஓட்டமும் சைக்கிளும் என்று இரண்டையும் செய்தவர்களுக்கு ஏழு வாரம் வரை பலம் ஏறியது. கடைசி வாரங்களில் இறங்கிவிட்டது. ஆனால், அவர்களுடைய தாக்குப்பிடிக்கும் திறனுக்கு எந்தக் குறையும் வரவில்லை. அதாவது, அளவு மீறினால் அடிபடுவது பலம்தான், ஓட்டம் அல்ல.

1988-ல் அதே ஹிக்சன் இன்னொரு ஆய்வு செய்தார். ஏற்கெனவே ஓட்டமும் சைக்கிளும் பழகியவர்களுக்கு, வாரம் 3 நாள் கால்களுக்கான எடைப் பயிற்சியைச் சேர்த்தார். களைத்து நிற்கும்வரை அவர்கள் சைக்கிள் மிதித்த நேரம் 71 நிமிடத்திலிருந்து 85 நிமிடமாகக் கூடியது.

1999-ல் பின்லாந்து ஆய்வாளர்கள், ஓட்டப் பயிற்சியில் ஒரு பகுதியைக் குறைத்து, தாண்டுவது, குதிப்பது, சிறு தூர வேக ஓட்டம் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஒன்பதே வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓடும் நேரம் குறைந்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு கூடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் சக்திதான் குறைந்தது. இன்ஜின் அதே, மைலேஜ் கூடிவிட்டது!

மலையே பயிற்சியாளர்

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், தன் வீரர்களை முதலில் மேடு பள்ளமான சாலைகளில் நீண்ட தூரம் ஓடவிடுவார். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு, மேட்டில் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

மேட்டில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடல் எடையை நாமே தூக்குகிறோம். வேகம் குறைவாக இருந்தாலும் இதயம் வேகமாகத் துடிக்கும். பாதம் தரையில் மோதும் அதிர்வும் சமதரையைவிடக் குறைவு. ஆக, எடைப் பயிற்சியும் அதிவேகப் பயிற்சியும் ஓரளவுக்கு ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். பேச முடியாத அளவு வேகத்தில் ஒரு நிமிடம் ஏறுங்கள். நடந்து இறங்குங்கள். ஆரம்பத்தில் 4 முறை போதும். பழகியபின் 6 முதல் 8 வரை போகலாம்.

வில்லன், இறக்கம்தான்

‘ஏறினது வலிக்கல, இறங்கினதுதான் ரெண்டு நாளா வலிக்குது’ என்பார்கள். காரணம் இருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அந்த வேலைதான் தசையில் நுண்ணிய சேதத்தை அதிகம் உண்டாக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகும். அதனால், முதல் சில தடவை ஓடி ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத்தில் ஓடிப் பழகினால், தசை தானாகவே தேறிவிடும்.

ஒரு வாரத் திட்டம்

செவ்வாய்: காலையில் மேட்டு ஓட்டம், மாலையில் எடைப் பயிற்சி. இடையில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும்.

புதன்: பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவான ஓட்டம்.

வெள்ளி: எடைப் பயிற்சி மட்டும்.

ஞாயிறு: நீண்ட தூர ஓட்டம்.

திங்கள், வியாழன், சனி: ஓய்வு அல்லது நடை.

கஷ்டமானதையெல்லாம் ஒரே நாளில் வைத்தால், மற்ற நாள்கள் உடம்பு தேறுவதற்குக் கிடைக்கும். தினமும் கொஞ்சம் கஷ்டம் என்று போனால், எதிலும் முன்னேற்றம் தெரியாது.

எடைப் பயிற்சிக்கு ஸ்குவாட், லஞ்ச், படி ஏறி இறங்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, பிளாங்க் ஆகியவை போதும். ஜிம் இல்லையென்றால் வீட்டுப் படிக்கட்டும், புத்தகம் அடைத்த ஸ்கூல் பேக்கும் போதும். படியிலிருந்து மூன்று நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஏற்காடு இறக்கத்துக்கு அதுதான் ஒத்திகை.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதயப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். பனிமூட்டம் இருக்கும் நாளில் மலைச்சாலையில் ஓடவே வேண்டாம்.

இந்த வாரம் வீட்டுப் படிக்கட்டில் தொடங்குங்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை ஓடிப் பாருங்கள். 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல் நின்று மூச்சு வாங்கிவிட்டு, ஓடியே கீழே இறங்குங்கள். திங்கட்கிழமை காலை வீட்டுப் படியில் முனகாமல் இறங்கினால், நீங்கள் பாஸ்!