இரட்டைக் கார்புரேட்டரும் இல்லாத மூலமும்

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவ்விடத்தில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களைப் பூட்டி, அச்செயலுக்கு ‘மீட்டெடுப்பு’ என்று பெயர் சூட்டும் அன்பர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. பூட்டுவதைப் பற்றியதன்று அது. பெயர் சூட்டுவதைப் பற்றியது.

அவர்கள் வாதம் இது. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தபோது அதன் கூபே வகைக்கு இரட்டைக் கார்புரேட்டர் இருந்தது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962இல் உருவாக்கிய ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுவே. ஆகவே இரட்டையே மூலம். சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஆலை 1961 முதல் ஒற்றையோடு செய்தனுப்பியது மூளி.

வரலாறு இதற்கு இடம் தரவில்லை. ஹெரால்டின் எஞ்சின் 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சி.சி. அளவில் பிறந்தது, 1954இல் ஸ்டாண்டர்டு டென் காரில் 948 சி.சி. ஆக வளர்ந்தது. இரண்டிலும் கார்புரேட்டர் ஒன்றே. 1959இல் இங்கிலாந்திலேயே விற்ற ஹெரால்டு சலூனுக்கும் ஒன்றே. பழமைதான் அளவுகோல் என்றால் ஒற்றையே மூத்தது. இவர்கள் தேடுவது மூலத்தை அன்று, சீமைக் கூபேயின் மினுக்கத்தை.

இரட்டை எஸ்.யு.வின் அழகை நாம் மறுக்கவில்லை. காற்றின் உறிஞ்சலுக்கேற்ப உள்ளிருக்கும் பிஸ்டன் உயர, அதனோடு கூம்பிய ஊசி எழுந்து எரிபொருளுக்கு வழிவிடுவது நுட்பமான ஏற்பாடு. ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, இரு வாய்களின் சீறலையும் ஒப்பிட்டுச் சமன்செய்யும் மெக்கானிக்கின் கைப்பழக்கம் போற்றத்தக்கது. ஆனால் அழுத்த விகிதம், காம்ஷாஃப்ட், புகைபோக்கி எவற்றையும் தொடாமல் கார்புரேட்டரை மட்டும் இரட்டிப்பதால் சலூன் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடாது.

இதில் இழப்பது என்ன? அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உரிமக் கட்டுப்பாடும் நிலவிய காலத்தில், உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்து ஒரு தொழிற்சாலை கார் கட்டிய வரலாற்றை இழக்கிறோம். இங்கிலாந்தில் ஒருபோதும் வெளிவராத நான்கு கதவு ஹெரால்டைப் பெருங்களத்தூர் செய்தது. அந்த ஆலை மூடப்பட்டு நெடுங்காலம் ஆயிற்று. எஞ்சிய சாட்சி இந்தக் கார்களே. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்காக மத்திய அரசு 2021இல் வகுத்த விதிகளும், வாகனம் மூல வடிவில் இருக்க வேண்டும், எஞ்சினில் பெரும் மாற்றம் கூடாது என்றே சொல்கின்றன. அந்த மூலம் எது என்பதைக் கோவென்ட்ரியின் விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்வது, நம் தொழிலாளியின் கைவேலையைப் பிழை என்று அடித்துத் திருத்துவதாகும்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள், பாடபேதச் சண்டைகளை மறந்தவர்கள். எட்டயபுரத்திலிருந்து 1904இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. வேங்கடமகியின் கீதம், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனை என ஒவ்வொன்றையும் உரியவர் பெயரோடு கமகக் குறிகளிட்டுப் பதித்த அவர், தாமே இயற்றிய சஞ்சாரிகளையும் அந்நூலில் சேர்த்தார். தம் பெயரிலேயே சேர்த்தார். மரபுக்குப் புதிது சேர்க்கும் உரிமையை அவர் கைவிடவில்லை. ஆனால் தம் சொல்லை முன்னோர் வாயில் ஏற்றவுமில்லை. பதிப்பு நேர்மைக்கு வேறு இலக்கணம் வேண்டியதில்லை.

கார் வைத்திருப்போரிடம் நாம் கேட்பதும் அவ்வளவே. இரட்டை வேண்டுமானால் பூட்டிக்கொள்ளுங்கள். கழற்றிய கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வருபவர் திரும்பப் பூட்ட இயலாதபடி எதையும் வெட்டாதீர்கள், துளையிடாதீர்கள். இன்ன ஆண்டில் இன்னது மாற்றப்பட்டது என்று எழுதி வண்டியிலேயே வையுங்கள். கண்காட்சி மேடையில் கேட்பவரிடம் ‘இது எங்கள் சேர்க்கை’ என்று சொல்லுங்கள். ‘மீட்டெடுப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பெருங்களத்தூர் ஹெரால்டு எதையும் இழந்து நிற்கவில்லை, மீட்டுத் தருவதற்கு.