டாக்டரிடம் சொன்னது பதிவேட்டில் சரியாக ஏறுகிறதா? கிளினிக்குகளுக்குள் வரும் 'கேட்டு எழுதும்' மென்பொருள்

டாக்டர் நோயாளியின் முகத்தைவிடக் கணினித் திரையைத்தான் அதிகம் பார்க்கிறார் என்பது நெடுநாள் குறை. அதைத் தீர்க்கும் வழியாக, பேசுவதைக் கேட்டு மருத்துவக் குறிப்பாக எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. சிங்கப்பூர் அரசு மருத்துவ நிலையங்களில் 'நோட் படி' என்ற மென்பொருள் பயன்படுத்தப்படுகிறது. மலேசியத் தனியார் கிளினிக்குகளும் இத்தகைய சேவைகளைச் சந்தா கட்டிப் பெற முடிகிறது.

காகிதமில்லா மருத்துவம் மலேசியாவுக்குப் புதிதல்ல. செலாயாங் மருத்துவமனை 1999-லேயே அப்படித் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கு கணினியில் எழுதியது மனிதர்தான். இப்போது எழுதுவதே மென்பொருள். அது எழுதும் குறிப்பு கிளினிக்கின் மின்னணுப் பதிவேட்டோடு எப்படி இணைக்கப்படுகிறது என்பதில்தான் நோயாளியின் பாதுகாப்பு இருக்கிறது.

மூன்று வகை இணைப்பு

முதல் வகையில் இணைப்பே கிடையாது. மென்பொருள் எழுதியதை டாக்டர் நகலெடுத்துப் பதிவேட்டில் ஒட்டுகிறார். செலவு குறைவு. ஆனால் கூட்டமான நேரத்தில், முந்தைய நோயாளியின் பக்கம் திறந்திருந்தால் ஒருவரின் குறிப்பு இன்னொருவரின் பெயரில் விழுந்துவிடும்.

இரண்டாவது வகையில் குறிப்பு முழுவதும் ஒரே பத்தியாகத் தானே போய்ச் சேரும். "பெனிசிலின் எனக்கு ஒத்துக்காது" என்று நோயாளி சொன்னதும் அந்தப் பத்திக்குள் இருக்கும். ஆனால் மருந்து எழுதும்போது எச்சரிக்கை கொடுக்கும் கணினி, ஒவ்வாமைப் பட்டியலை மட்டுமே பார்க்கும், பத்தியைப் படிக்காது. சொன்னது பதிவாகியும் பயனில்லாமல் போகும்.

மூன்றாவது வகையில் ஒவ்வாமை, மருந்து, இரத்த அழுத்தம் என ஒவ்வொன்றும் அதற்குரிய கட்டத்துக்குப் போகும். இப்படிப் பரிமாறிக்கொள்வதற்கென 'ஃபயர்' என்ற அனைத்துலகத் தரமே உள்ளது. மூன்றிலும் சிறந்தது இதுதான். ஆனால் இதில் தவறு நேர்ந்தால் அது ஓரிடத்தில் நிற்காது. மருந்துச் சீட்டு, பெரிய மருத்துவமனைக்கு எழுதும் கடிதம், காப்புறுதிக் கோரிக்கை என எல்லாவற்றுக்கும் போகும். ஆகவே டாக்டர் படித்து ஒப்புதல் தராமல் எதுவும் பதிவேட்டில் சேரக்கூடாது என்பது இணைப்பின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

நம் பேச்சு, அதன் காது

தமிழர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. "இழுப்பு" என்று ஒருவர் சொன்னால் அது மூச்சிரைப்பாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். "மயக்கமா இருக்கு" என்பது தலைசுற்றலா, நினைவு தப்பியதா? நீரிழிவை ஒருவர் "இனிப்பு நீர்" என்பார், இன்னொருவர் "கென்சிங் மானிஸ்" என்பார். இரத்தக் கொதிப்பு "டாரா திங்கி" ஆகும். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலப்பது நமக்கு இயல்பு.

தோட்டத்து டிரெசருக்கு இந்தப் பேச்சு பழக்கம். சந்தேகம் வந்தால் "எப்படி இழுக்குது?" என்று திருப்பிக் கேட்பார். மென்பொருள் இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிடக்கூடும். எழுத்து அழகாக இருப்பதால் தவறு கண்ணில் படுவதும் குறைவு. தமிழ் தெரியாத டாக்டருக்கு அது தெரியவே வழியில்லை.

பெயரும் இப்படித்தான். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது. ஒரே ஊரில் அதே பெயரில் பலர் இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்து இரு கணினிகளை இணைத்தால் குழப்பம் நிச்சயம். 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் சரிபார்த்த பிறகே குறிப்பு சேர வேண்டும்.

யார் கண்ணில் படும்?

உடல்நலத் தகவல் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணர்திறன் மிக்க' தரவாகும். அதைக் கையாள நோயாளியின் வெளிப்படையான சம்மதம் பொதுவாகத் தேவை. 2024-இல் திருத்தப்பட்ட பிறகு, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். எனினும் இச்சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக்குகளுக்கே பொருந்தும்.

ஆபத்து கற்பனையல்ல. 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினிகள் ஊடுருவப்பட்டு 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன; அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு டாக்டரும் இரண்டு தாதியரும் உள்ள சிறு கிளினிக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முதலாளி பணம் கட்டும் பேனல் கிளினிக்குகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வீட்டுக் கவலை, குடிப்பழக்கம், தூக்கமின்மை பற்றி டாக்டரிடம் மனம் திறந்து பேசியவை குறிப்பில் ஏறி, பில்லோடு சேர்ந்து நிறுவனத்துக்குப் போகும்படி இணைப்பு அமைந்துவிடக்கூடாது. அந்த அச்சம் வந்தால் தொழிலாளர்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள்.

நோயாளி கேட்க வேண்டியவை

இதற்காக மென்பொருளையே ஒதுக்க வேண்டியதில்லை. முகம் பார்த்துப் பேச டாக்டருக்கு நேரம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் பேச்சு பதிவாகிறதா, அந்த ஒலிப்பதிவு எங்கே எத்தனை நாள் இருக்கும், குறிப்பை வேறு யார் பார்க்க முடியும் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பதிவு வேண்டாம் என்றும் சொல்லலாம். தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தக் கோரவும் சட்டமே இடம் தருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்து வருமுன் ஒன்றைக் கேட்டுவிடலாம்: "டாக்டர், எனக்கு என்ன நோய், என்ன மருந்து ஆகாது என்று எழுதியிருக்கிறதைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்." அப்பா அம்மாவைக் கூட்டிச் செல்லும் பிள்ளைகள் இதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஒரு நிமிடம்கூட ஆகாது. தவறான ஒரு சொல் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு எத்தனை இடத்தில் தேடிப் பிடித்துத் திருத்துவது?