ஒரு சின்ன விரலுக்கு எத்தனை எழுத்து?

பதுளையில் வளரும் ஒரு முஸ்லிம் பிள்ளை, முதலாம் தரத்துக்குப் போகும் முன்பே நான்கு எழுத்து முறைகளைச் சந்தித்துவிடுகிறது. தமிழில் 247 எழுத்துகள். ஆங்கிலத்தில் 26, அவையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உருவத்தில். குர்ஆன் ஓத அரபு எழுத்துகள் 28. அவை வலமிருந்து இடமாக ஓடும். கடைப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் சிங்களம். இந்த நான்கையும் ஐந்து வயதுக்குள் எழுதப் பழக்கிவிட வேண்டும் என்ற அவசரம் நம் வீடுகளில் கூடிக்கொண்டே போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் காதுக்கும் நாவுக்கும் நான்கு மொழிகளும் வரட்டும். கைக்கு மட்டும் முதலில் ஒரு மொழி போதும். அது வீட்டில் பேசும் மொழியாக இருக்கட்டும்.

சில நாடுகளில் பிள்ளையைப் பாடசாலைக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறார்கள். நம் நாட்டில் 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை பாடசாலைக் கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016இல் அந்த மேல் எல்லை 16 ஆக உயர்ந்தது. ஆகவே நமக்கு வீட்டுக் கல்வி என்பது பாடசாலைக்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளும், பாடசாலை விட்டபின் வரும் மாலை நேரமும்தான். அந்தச் சிறிய நேரத்துக்குள் எத்தனை பாடத்திட்டங்களைத் திணிக்கிறோம்!

என் தங்கைக்கு நாலரை வயது. எங்கள் வீட்டு அலுமாரியில் அவளுக்கென்று ஐந்து வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அச்சான வண்ணப் புத்தகம், இங்கிலாந்து முறையில் ஒலி வழியாக ஆங்கிலம் பழக்கும் புத்தகம், முன்பள்ளிக் கொப்பி, அரபுக் காயிதா, சிங்கள ஹோடி பொத்த. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல புத்தகம்தான். ஒன்றாக வைத்தால்தான் சண்டை பிடிக்கின்றன. தமிழ்நாட்டுப் புத்தகம் ‘ஆரஞ்சு’ என்கிறது. வீட்டில் நாம் சொல்வது தோடம்பழம். ஆங்கிலப் புத்தகம் எழுத்தின் ஒலியைச் சொல்லித் தருகிறது. முன்பள்ளியோ ‘ஏ, பி, சி’ என்று பெயரை ஒப்புவிக்கச் சொல்கிறது. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் காயிதாவை மூடிவிட்டுத் தமிழ்க் கொப்பியைத் திறந்தவள், ‘மரம்’ என்ற சொல்லை வலப்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். கொப்பியில் ‘ம்ரம’ என்று நின்றது. உம்மா சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. தான் செய்ததில் என்ன பிழை என்று அவளுக்கு விளங்கவில்லை. உண்மையில் அவள் பக்கம் பிழையும் இல்லை. சற்றுமுன் சொல்லிக்கொடுத்த திசையில்தான் எழுதினாள்.

பாடங்களைச் சேர்ப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் அதை அழகாகச் செய்தவர்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் அதற்குச் சாட்சி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதிய குறிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தைக் கொண்டு பெண்கள் மார்க்க நூல்களைத் தமிழில் வாசித்தார்கள். ஓர் எழுத்து முறையைப் படித்த உழைப்பில் இரண்டு மொழிகளுக்குப் பயன். அதற்கும் ஓர் எல்லை இருந்தது. அரபுத்தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழ்ப் பத்திரிகை எட்டாது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய கண்டி அறிஞர் சித்திலெப்பை, மார்க்கக் கல்வியோடு நவீன கல்வியும் சேர வேண்டும், பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். சேர்க்கும்போது எதற்காகச் சேர்க்கிறோம் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது.

ஓதல் நமக்கு இன்னொரு பாடமும் தருகிறது. சூரதுல் ஃபாத்திஹாவை நாம் எப்படிப் படித்தோம்? பெரும்பாலானோர் அலிஃப், பா எழுதத் தெரியுமுன்பே உம்மம்மாவின் மடியில் இருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினோம். முதலில் காது, பிறகு நாவு, அதன்பிறகே எழுத்து. மற்ற மொழிகளுக்கும் இந்த ஒழுங்கு ஏன் ஆகாது?

மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்தார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் பிள்ளை சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லும். பென்சில் அதற்குப் பிறகுதான். இன்று தெருவுக்குத் தெரு மொண்டிசோரி என்று பெயர்ப்பலகை இருக்கிறது. உள்ளே நான்கு வயதுப் பிள்ளை ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதிக்கொண்டிருக்கிறது. ‘ட’, ‘ப’ போன்றவை நேர்கோடுகள். பிஞ்சுக் கைக்கு வசப்படும். ‘அ’வின் வளைவு பெரியவர்களுக்கே சரியாக வராது.

பாடசாலைக்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறோம் என்று பெற்றோர் சொல்வார்கள். 1999இல் நாடெங்கும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் கலந்து, முதல் இரண்டு தரங்களிலும் விளையாட்டுக்கே கூடுதல் இடம் கொடுத்தது. ஆங்கிலத்தைக்கூட அந்த வயதில் வாய்மொழியாகவே தொடங்கச் சொன்னது. பாடத்திட்டம் கேட்காத ஒன்றை நாம் ஏன் பிள்ளையிடம் கேட்கிறோம்?

இந்த அவசரம் இப்போது தோட்டங்களுக்கும் ஏறிவிட்டது. சம்பள நாளில் வாப்பாவின் கடையில் நான் சில வேளை உதவிக்கு நிற்பேன். பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்:

“தங்கச்சி, பிள்ளை தை மாசம் ஒண்ணாம் ஆண்டுக்குப் போகுது. இங்கிலீசு, தமிழ், சிங்களம் மூணுக்கும் கொப்பி வாங்கணுமுன்னு சொல்றாங்க. எதை முதல்ல வாங்க?”

“பிள்ளை வீட்டுல கதை பேசுமா அக்கா?”

“அது வாய் ஓயாதும்மா.”

“அப்ப தமிழ் மட்டும் எடுங்க. மத்ததுக்கு அவசரமில்ல.”

வாப்பா லாச்சியை மூடிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைக்கு இரண்டு கொப்பி நட்டம்.

அந்தத் தாய் காலையில் மலைக்குப் போனால் மாலையில்தான் லயத்துக்குத் திரும்புவார். அதுவரை பிள்ளை பிள்ளைக் காம்பராவில். வந்ததும் தண்ணீர், விறகு, அடுப்பு. அவருக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் மூன்று மொழிக் கொப்பிகளைத் திறந்தால் மூன்றும் அரைகுறையாகத்தான் முடியும். கொழுந்துக் காசில் வாங்கிய புத்தகம் வீணாவதோடு, ‘எனக்குப் படிப்பிக்கத் தெரியவில்லை’ என்ற தாழ்வு மனதும் அவருக்கு வந்துவிடும். அவருக்கா தெரியாது? இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று பிரிப்பதும், கூடையின் எடையைக் கையாலேயே மதிப்பதும் கணிதமும் சுற்றாடலும்தானே. அதைப் பிள்ளையோடு பேசினால் அதுவே பாடம்.

என்றாலும் ஒரு கேள்வி நியாயமானது. ஊவாவில் வாழ்கிறவருக்கு ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் சிங்களம் வேண்டும். மேலே படிக்க ஆங்கிலம் வேண்டும். தமிழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளை பின்தங்கிவிடாதா? இரண்டு மொழிகளும் வேண்டும்தான். அவற்றைப் பேச்சில் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு ஒரு மாலை விளையாடினால் வரும் சிங்களம், ஹோடி பொத்தவைப் பார்த்து எழுதினால் வராது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு பக்கமும் இழுத்தால் கிளை வளையாது, முறிந்துவிடும்.

அப்படியானால் எப்படிச் சேர்ப்பது? எங்கள் வீட்டில் இப்போது செய்வதைச் சொல்கிறேன். அடிப்படைக்கு ஒரே ஒரு புத்தகம்: அரசாங்கம் இலவசமாகத் தரும் முதலாம் தரத் தமிழ்ப் பாடநூல். சென்ற வருடம் படித்த அயல்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டாலும் கிடைக்கும். மற்ற ஒவ்வொரு புத்தகத்தையும் ‘நீ என்ன வேலைக்கு?’ என்று கேட்டோம். ஒரே வேலைக்கு இரண்டு இருந்தால் ஒன்றை மேல்தட்டில் வைத்தோம். வாரத்துக்கு ஒரு பொருளை எடுக்கிறோம். இந்த வாரம் தண்ணீர். தமிழில் அவள் அதைப் பற்றிக் கதை சொல்கிறாள், படம் வரைகிறாள், ஒரு சொல் எழுதுகிறாள். சிங்களத்தில் ‘வத்துர’, ஆங்கிலத்தில் ‘வோட்டர்’, அரபியில் ‘மாஉ’ என்று வாயால் மட்டும் சொல்கிறாள். வுழூச் செய்யும்போதும் அதே சொல் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு இதே பாடத்தைப் பீலியடியில் நடத்தலாம். ஓதலும் தமிழ் எழுத்தும் ஒரே வேளையில் வராதபடி, ஓதலைச் சுபஹுக்குப் பின் மாற்றிவிட்டோம்.

பெற்றோரே, புத்தகம் வாங்கும் பணத்தைவிட உங்கள் அரை மணி நேரம் பெரியது. என் சக மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. பல வீடுகளில் சின்னப் பிள்ளைக்குப் படிப்பிப்பது நம்மைப் போன்ற மூத்த பெண்பிள்ளைகள்தான். பரீட்சைப் படிப்புக்கு நடுவே அந்த வேலை சுமையாகத் தெரியும். வருகிற விடுமுறையில் தம்பி தங்கையின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். எந்தப் புத்தகம் இருக்கட்டும், எது காத்திருக்கட்டும் என்று உம்மாவோடு இருந்து பேசுங்கள். பிள்ளையின் சுமையும் குறையும், உங்கள் சுமையும் குறையும்.