முக்கால் மில்லி மீட்டரில் உயிர்!

வீட்டிலே ஊறுகாய் போடலாம். வடகம் போடலாம். துப்பாக்கித் தோட்டா தயாரிக்கலாமா?

அமெரிக்காவில் தயாரிக்கிறார்கள்! சுட்டதும் கீழே விழும் காலிப் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மறுபடி மருந்து நிரப்பிப் புதுத் தோட்டா ஆக்கிவிடுகிறார்கள். கார் ஷெட்டில் ஒரு மேஜை. அதன் மேல் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ். அவ்வளவுதான் தொழிற்சாலை!

சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்த நாட்டு மத்திய சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை. வியாபாரமாகச் செய்தால்தான் லைசென்ஸ். இந்தியாவில் கதையே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு ஜெயில். ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

ஒரே கூட்டைப் பல தடவை பயன்படுத்தலாம் என்பதால் அமெரிக்கர்களுக்குச் செலவு மிச்சம். அது சரி. உயிர் மிச்சமா என்பதுதான் கேள்வி.

தோட்டாவில் நாலு சரக்கு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு வெடி போல ஒரு பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. மருந்தை நிறுத்துப் போடும்போது எவரும் கவனமாகத்தான் இருப்பார். ஆபத்தே அங்கேதான் என்ற நினைப்பு. கடைசி வேலைக்கு வரும்போது கை அசந்துவிடும். குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது, கூட்டின் வாயை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் அந்தக் கடைசி வேலை.

குண்டு ஆழமாக இறங்கினால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். 9 எம்.எம். பிஸ்டல் தோட்டாவின் மொத்த நீளமே அதிகபட்சம் 29.69 மில்லி மீட்டர். இதில் குண்டை வெறும் முக்கால் மில்லி மீட்டர் கூடுதலாக இறக்கி, ஸ்பியர் என்ற அமெரிக்கக் கம்பெனி சோதித்துப் பார்த்தது. அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் எகிறிவிட்டது! மருந்து அதேதான். குண்டும் அதேதான். ஆனால், துப்பாக்கி சுடுகிறவர் கையிலேயே வெடிக்கலாம்.

வாயை இறுக்குவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. பிடி தளர்ந்திருந்தால், பிஸ்டல் குழலுக்குள் ஏறும்போதே குண்டு முட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். பழைய ஆபத்தேதான். ரிவால்வரில் இது தலைகீழ். ஒரு தோட்டா வெடிக்கும் உதறலில் மிச்சத் தோட்டாக்களின் குண்டு வெளியே நழுவி, உருளை சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

‘அப்படியானா நல்லா நெரிச்சுட்டாப் போச்சு’ என்றால் அதுவும் வம்பு. நெரித்த பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும். உள்ளே நசுங்கிய ஈயம் அந்த அளவுக்கு விரியாது. பிடி முன்னைவிடத் தளர்ந்துபோகும். அதோடு, 9 எம்.எம். தோட்டா குழலுக்குள் நிற்பதே கூட்டின் வாய் விளிம்பை வைத்துத்தான். அதை நெரித்துவிட்டால் தோட்டா எதைப் பிடித்து நிற்கும்?

கெட்ட தோட்டாவும் நல்ல தோட்டாவும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் காலிப்பர் வைத்து நீளத்தை அளக்கிறார்கள். சந்தேகம் வந்தால் சுட்டுப் பார்ப்பதில்லை, பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் வீட்டில் செய்த தோட்டாவைத் தொடுவதே இல்லை.

ஆனால், ‘ரெண்டு டப்பா எடுத்துட்டுப் போ’ என்று சிநேகிதருக்கு அள்ளிக் கொடுப்பவர்களும் உண்டு. இது கூடாது. தன் துப்பாக்கி, தன் கை என்பது ஒருவர் சொந்த விஷயம். சுடுதளத்தில் பக்கத்தில் நிற்கிறவர் என்ன பாவம் செய்தார்? வீட்டுத் தோட்டாவுக்கு அனுமதியில்லை என்று சில சுடுதளங்கள் சொல்வது முழுக்க நியாயம்.

சட்டம் வந்து எட்டிப் பார்க்காத இடத்தில் மனசாட்சிதான் இன்ஸ்பெக்டர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு. வெடிமருந்து சும்மா இருக்குமா? தோட்டாவில் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் பத்தாது!