இலங்கையின் பாடலும் மலையகத்தின் குரலும்

ஒரே திரைப்படம் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் உலவும்போது, அவற்றுள் எது உண்மையான படம் என்ற வினா எழுகிறது. திரைப்பட ஆர்வலர் இதற்கு ஆயத்தமான விடையொன்றை வைத்திருக்கின்றனர். பணம் போட்டவர் வெட்டிய வடிவம் பொய். நெறியாளர் தொகுத்த வடிவம் மெய் என்பதே அவ்விடை. ரிட்லி ஸ்கொட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982 இல் தயாரிப்பாளர் தரப்பின் விருப்பப்படி கதாநாயகனின் விளக்கவுரையோடும் இனிமையான முடிவோடும் வெளிவந்தது. 1992 இல் வெளியான வடிவத்தில் அவையிரண்டும் நீக்கப்பட்டன. 2007 இல் நெறியாளரே இறுதி வடிவம் ஒன்றைத் தந்தார். பிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ 1927 இல் வெளிவந்த சிறிது காலத்திலேயே வெட்டிச் சிதைக்கப்பட்டது; காணாமற்போன காட்சிகளுட் பெரும்பாலானவை 2008 இல் புவனஸ் அயர்சில் கண்டெடுக்கப்பட்டன. இத்தகைய வரலாறுகள் அவ்விடைக்கு வலுவூட்டுகின்றன.

ஆயினும் அது அரை உண்மையே. பணம் போட்டவரும் நெறியாளரும் தமக்குள் வழக்காடுகையில், படத்தில் தோன்றும் மக்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பினராகக்கூட ஏற்கப்படுவதில்லை. நெறியாளர் வென்றுவிட்டால் உண்மையும் வென்றுவிட்டது எனக் கொள்வது எவ்வளவு தவறானது என்பதற்கு மலையகத்துடன் நேரடித் தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. பசில் றைட் நெறிப்படுத்திய ‘இலங்கையின் பாடல்’ என்னும் விவரணப்படமே அது.

அப்படத்தின் தோற்றம் தேயிலை விற்பனையோடு பிணைந்தது. 1932 இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை, தன் பண்டத்தை உலகச் சந்தையில் விளம்பரப்படுத்தப் படங்களை வேண்டிற்று. பிரித்தானியப் பேரரசின் வாணிப மேம்பாட்டுச் சபை 1933 இல் கலைக்கப்பட்டதும், ஜோன் கிரியேர்சன் தலைமையிலான அதன் திரைப்படப் பிரிவு அஞ்சல் திணைக்களத்தின் கீழ் வந்தது. அப்பிரிவிலிருந்தே றைட் 1934 இன் தொடக்கத்தில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவரிடம் கேட்கப்பட்டவை நான்கு ஒற்றைச் சுருள் பயணப்படங்கள். அவர் ஆக்கியதோ ஏறக்குறைய நாற்பது நிமிட நீளமுள்ள ஒரே படம். ‘புத்தர்’, ‘கன்னித் தீவு’, ‘வணிகத்தின் குரல்கள்’, ‘தெய்வத்தின் ஆடையணி’ என நான்கு பகுதிகளை உடையதாய், கவிதைக்குரிய கட்டமைப்போடு அது உருவாயிற்று. 1935 இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது.

விவரணப்பட வரலாற்று நூல்கள் இந்நிகழ்வைக் கலைஞனின் வெற்றியாகவே போற்றுகின்றன. விளம்பரதாரர் கேட்ட நான்கு துண்டுகள் ஒருபுறம், கலைஞன் கண்ட முழுமை மறுபுறம் என்று அவை எடுத்துரைக்கின்றன. றைட்டின் திறமையை மறுக்க வேண்டியதில்லை. காட்சியையும் ஒலியையும் முரண்பட வைத்து அவர் கண்ட முறை உலகத் திரைக்கலைக்கு வளம் சேர்த்தது. ஆனால், சபை கேட்ட படத்துக்கும் கலைஞன் தந்த படத்துக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது என்பதை எவரும் சுட்டுவதில்லை. தேயிலையை விளைவித்த மக்களின் வாழ்வு இரண்டுக்குமே பொருளாகவில்லை.

படத்தின் வர்ணனையை நோக்குக. இலங்கையரான லயனல் வென்ட்டின் குரலில் ஒலிப்பது ரொபேட் நொக்சின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட வாசகம். நொக்ஸ் 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 1679 இல் தப்பியவர். அவர் நூல் 1681 இல் அச்சேறியது. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867 இல். அதற்கு முன்னரே, 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். ஆகவே, தேயிலைக்காக எடுக்கப்பட்ட ஒரு படம், தேயிலைக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்திய நூலொன்றின் வாயால் பேசுகிறது. தோட்டத் தொழிலாளரைக் குறிக்கும் சொல் அந்நூலில் இருத்தல் இயலாது. படச்சுருளில் கத்திரி படுமுன்பே, வர்ணனை நூலின் தெரிவிலேயே அம்மக்கள் வெட்டப்பட்டுவிட்டனர்.

மூன்றாம் பகுதியில் கொழுந்து கிள்ளும் பெண்கள் தோன்றுகின்றனர். அவ்விடத்தில் கேட்பவை சந்தை விலைகள், கப்பல் நேரங்கள், வணிகக் கடித வாசகங்கள். கைகள் மலையகத்தின் கைகள். குரல்கள் வணிகரின் குரல்கள். முதற்பகுதியில் யாத்திரிகர் ஏறும் மலை, தமிழர் சிவனொளிபாதம் என வணங்கும் மலையாகும். அதன் அட்டன், மஸ்கெலியா வழி தேயிலைத் தோட்டங்களினூடாகவே செல்கிறது. அம்மலையடிவாரத்து லயன் அறைகளில் வாழ்ந்தோருக்கும் அம்மலை தெய்வமலையே என்பதைப் படம் கருத்திற் கொள்ளவில்லை.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்கள் கூறப்படலாம். அவை தனித்தனியே ஆராயத்தக்கவை.

முதலாவது, மூன்றாம் பகுதி ஏகாதிபத்திய வணிகத்தின் மீதான எள்ளலே என்பது. உழைப்பின் காட்சிமேல் விலைப்பட்டியலின் ஒலியை ஏற்றியமை ஒரு கண்டனந்தான். ஆனால் அக்கண்டனம் எதனை எதற்கு எதிராக நிறுத்துகிறது? ஒருபுறம் அந்நிய வணிகம். மறுபுறம் பௌத்த வழிபாடும் நடனமும் வயலும் உடைய தொல்கிராமம். நான்காம் பகுதியில் படம் அத்தொல்லுலகிற்கே திரும்பி அமைதி காண்கிறது. இவ்விரு கூறுகளுள் எதனிலும் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை. வணிகம் விரும்பத்தகாத அந்நியமெனில், அதன் சுமையைத் தோளிற் சுமந்தவனும் அந்நியனாகவே காணப்படுவான். இப்பார்வையைப் படம் தோற்றுவித்தது என்பது மிகைக்கூற்றாகும். ஆனால் இதே பார்வை 1948 இல் குடியுரிமைச் சட்டமாயிற்று. 1949 இல் வாக்குரிமைப் பறிப்பாயிற்று. நாடற்றோராக எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அழகியலில் வெளியே நிறுத்தப்பட்டவர் அரசியலிலும் வெளியே நிறுத்தப்பட்டமை தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதன்று.

இரண்டாவது, அக்காலத் தொழில்நுட்பம் இடந்தரவில்லை என்பது. காட்சிகள் இலங்கையில் ஒலியின்றிப் பிடிக்கப்பட்டு, ஒலி பின்னர் இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது உண்மையே. ஆனால் நொக்சுக்கு ஒரு குரல் தேடிக் கண்டெடுக்கப்பட்டது. பங்குச் சந்தைக்கும் குரல்கள் அமர்த்தப்பட்டன. கொழுந்து கிள்ளியவளுக்கு மட்டும் குரல் தேடப்படவில்லை. இதனைத் தொழில்நுட்பத்தின் குறை எனல் பொருந்தாது.

மலையகம் அன்று ஊமையாக இருக்கவுமில்லை. ‘தேசபக்தன்’ இதழை நடத்திய கோ. நடேசய்யர் 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் தம் பாடல்களைப் பாடினார். அவை 1940 இல் அச்சிலும் வந்தன. அதே 1931 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி சுந்தரம், தொழில், கைத்தொழில், வணிகத் துறைகளின் அமைச்சரானார். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தது. தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. 1933 இல் சர்வதேச உடன்படிக்கையொன்று தேயிலை ஏற்றுமதியை மட்டுப்படுத்திற்று. படப்பிடிப்புக் கருவி மலைநாட்டை அடைந்தபோது அங்கே சங்கம் இருந்தது, பாட்டு இருந்தது, கூலிப் பிரச்சினை இருந்தது. ‘இலங்கையின் பாடல்’ என்று பெயர் சூட்டப்பட்ட படத்தில் அப்பாட்டுக்கு இடங்கிடைக்கவில்லை.

மூன்றாவது வாதம், புகழ்பெற்ற கலைப்படைப்பில் பிறர் கைவைப்பது அத்துமீறல் என்பது. இதற்கு மெக்சிக்கோவிலிருந்து விடை கிடைக்கிறது. செர்கெய் ஐசன்ஸ்டைன் 1930 இறுதி முதல் 1932 வரை அங்கே பிடித்த காட்சிகளைத் தாமே தொகுக்கும் வாய்ப்பை இழந்தார். பணம் திரட்டிய அப்டன் சிங்ளெயரின் வசம் அச்சுருள்கள் தங்கின. 1933 இல் சொல் லெசர் அவற்றிலிருந்து ‘மெக்சிக்கோவின் மேல் இடி’ என்ற படத்தை உருவாக்கினார். பின்னர் மேரி சீற்றன் வேறொன்றைத் தொகுத்தார். 1979 இல் ஐசன்ஸ்டைனின் தோழர் அலெக்சாந்திரொவ் இன்னொன்றை அமைத்தார். பெருந்தோட்டத்துப் பண்ணையாட்கள் தனிமனிதப் பழிவாங்கற் கதையின் பாத்திரங்களாக நின்றுவிடுவதும், ஒரு நாட்டின் புரட்சி வரலாற்றில் இடம்பெறுவதும் தொகுப்பவரின் கையில் இருந்தன. பிடிக்கப்பட்ட காட்சி ஒன்றே. அதன் பொருள் ஒன்றன்று. இவ்வடிவங்கள் ஒன்றையொன்று அழித்துவிடவில்லை. ஒன்றையொன்று விசாரணைக்கு உட்படுத்தின. அத்துமீறல் என்று முறையிடுவோர், நான்கு படங்கள் கேட்ட சபைக்கு ஒரே படத்தைத் தந்த றைட்டின் செயலை என்னென்பர்? பணம் போட்டவரின் விருப்பத்தை மீறும் உரிமை கலைஞனுக்கு உண்டெனில், கலைஞனின் விருப்பத்தை மீறும் உரிமை படத்தில் உழைத்துக் காட்டியவரின் வழித்தோன்றல்களுக்கு இல்லையா?

இக்கோரிக்கை வெறும் கோட்பாட்டு விவகாரமன்று. மலையக மக்கள் தம் படங்களைத் தாமே காத்துவைக்கும் வாய்ப்பையும் இழந்தவர்கள். 1963 இல் ‘தோட்டக்காரி’ வந்தது. 1975 இல் தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் ‘புதிய காற்று’ படத்தை வெளியிட்டார். 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச்சுருள்கள் சாம்பராயின. மற்றோர் ஒரு படத்துக்கு மூன்று வடிவங்களை ஒப்பிட்டு மகிழ்கையில், ஈழத்துத் தமிழ்ச் சினிமாவை ஆராய்வோர் பல படங்களைத் தம்பிஐயா தேவதாசின் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ போன்ற நூல்களின் வழியே அறிய வேண்டியுள்ளது. இந்நிலையில், 1934 இன் தேயிலை மலைகளையும் அங்கே உழைத்த முகங்களையும் அசையும் காட்சியாகக் காத்துள்ள ஓர் ஆவணம் விலைமதிப்பற்றது. அது விளம்பரத்துக்காகப் பிடிக்கப்பட்டது என்பதால் அம்முகங்கள் பொய்யாகிவிடா.

2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். கால்களால் மீட்கப்பட்ட அவ்வழியைக் காட்சியாலும் மீட்கும் பணி பல்கலைக்கழகங்களுக்கு உரியது. ‘இலங்கையின் பாடல்’ வகுப்பறையில் அழகியல் மாதிரியாகத் தனித்துத் திரையிடப்படுவது நிறுத்தப்பட வேண்டும். அதே பயணத்தில் பிடிக்கப்பட்டவற்றுள் எஞ்சியுள்ள அனைத்தும் பிரித்தானியக் காப்பகங்களில் தேடப்பட்டு, பிரதிகள் பெறப்பட வேண்டும். அக்காட்சிகளைக் கொண்டு, நொக்சின் வாசகத்துக்குப் பதிலாகத் தோட்டத்து மூதாட்டியரின் வாய்மொழியும் மீனாட்சியம்மையின் பாடலும் ஒலிக்கும் வேறொரு வடிவம் தொகுக்கப்பட வேண்டும். அது றைட்டின் படத்துக்கு மாற்றீடாக அன்றி, அதன் அருகில் வைத்துப் பார்க்கத்தக்க படமாக அமைய வேண்டும். சபையின் வடிவமும் நெறியாளரின் வடிவமும் வரலாற்றில் தத்தம் இடத்தைப் பெற்றுவிட்டன. கொழுந்து கிள்ளியவரின் வடிவம் இன்னும் தொகுக்கப்படவில்லை. அது தொகுக்கப்படும்வரை ‘இலங்கையின் பாடல்’ முடிவுறாத படமே.